பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கி: துடைப்பதும் காப்பதும்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் செல்லும் வழியில் இருக்கும் பெருமுக்கல் குன்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மேலிருந்த கோட்டை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பலமுறை கைமாறியது. 1760 சனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற ஐர் கூட், அதே ஆண்டில் பெருமுக்கலையும் பிடித்தார். 1782இல் ஹைதர் அலியும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் அதைக் கைப்பற்றினர். 1791 தொடக்கத்தில் திப்பு சுல்தானின் படை மீண்டும் அதை வென்றது. செஞ்சியோ 1780இலேயே ஹைதர் வசமாகியிருந்தது. ஆற்காட்டு நவாபின் வீரர், மைசூர்ச் சிப்பாய், கும்பினிப் படையாள், பிரெஞ்சுக்காரர் என்று எல்லோருடைய துப்பாக்கியும் முழங்கிய மண் இது. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியரின் ‘தூஃபெக்’கிலிருந்து உருதுவின் வழியே நம் நாவுக்கு வந்ததுதான்.

இத்தகைய மண்ணில் ஏதேனும் ஒரு குடும்பத்தில் பழைய படைத்துப்பாக்கி ஒன்று வாரிசுச் சொத்தாகத் தங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்த பின்னரும் எஞ்சியவை மிகச் சிலவே. எஞ்சியதை நம் கையால் நாமே அழித்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கவலை. அழிவு பெரும்பாலும் அன்பினால்தான் நேர்கிறது. பாட்டனாரின் நினைவுப் பொருள் மினுமினுக்க வேண்டுமென்று உப்புத்தாளும் புளியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

2019இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு குடும்பத்தினர் தம் வீட்டுப் பரணில் சில ஆயுதங்களைக் கண்டெடுத்தனர். கும்பினிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொண்டுசென்றவை அவை. அவற்றுள் திப்பு சுல்தானின் ஆயுதச்சாலையைச் சேர்ந்த, வெள்ளிப் பூணிட்ட சிக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் நடந்த ஏலத்தில் அந்த ஒன்று மட்டும் 60,000 பவுண்டுக்குப் போனது. நம்மிடமிருந்து கொள்ளை போன பொருள் அங்கே ஒரு குடும்பத்தின் வாரிசுச் சொத்தாக விலை பேசப்பட்டது நெஞ்சை உறுத்துகிறது. அது தனியே பேச வேண்டிய செய்தி. இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தத் துப்பாக்கியின் வலப்புறத்தில் குண்டடி பட்ட சேதம் அப்படியே இருந்தது. போர்க்களத்திலிருந்து நேரே எடுக்கப்பட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதியதற்கு அந்தக் காயமே ஆதாரம். இருநூற்று இருபது ஆண்டுகளில் யாரேனும் ஒருவர் அதைச் செப்பனிட்டு, மெருகேற்றி, ‘புதியதுபோல்’ ஆக்கியிருந்தால் அந்தச் சாட்சியம் அன்றே மடிந்திருக்கும்.

மைசூர் ஆயுதங்களில் எழுத்துகளும் உண்டு. செய்தவர் பெயர், ஆண்டு, ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்ற சொற்றொடரைப் புலிமுக வடிவில் வளைத்தெழுதிய முத்திரை ஆகியன இரும்பிலும் வெள்ளியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திப்பு ஹிஜ்ரிக் கணக்கை விட்டு ‘மவ்லூதி’ என்ற புதுக் கணக்கை ஏற்படுத்தி, எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். ஆகவே கி.பி. 1787இல் தொடங்கிய 1215 என்ற ஆண்டு, நம் கண்ணுக்கு 5121 என்றே தோன்றும். நம் மதரஸாப் பிள்ளைகள் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டே இவற்றைப் படித்துவிட முடியும். ஆனால் இவ்வெழுத்துகளின் ஆழம் மயிரிழை அளவே. உப்புத்தாளை நாலு முறை இழுத்தால் பெயரும் போய்விடும், ஆண்டும் போய்விடும்.

அப்படியானால் துடைக்கவே கூடாதா? துடைக்கலாம். அதற்கு முன் உயிருக்கு உலை வைக்கும் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். வாய்வழி மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுள் சில இன்றும் கிட்டித்த மருந்தோடும் குண்டோடும் இருக்கின்றன. கரிமருந்து உலர்ந்தே இருந்தால் நூறாண்டு கடந்தும் வீரியம் குன்றாது. குழலின் வாய்க்கு நேரே நில்லாமல், ஒரு மெல்லிய மரக்குச்சியை அடிவரை மெதுவாக விட்டு அளவு குறித்துக்கொண்டு, அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுத் தீத்துளைக்கு முன்னரே குறி நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்குமேல் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

துருவிலும் இரு வகை உண்டு. கருமை கலந்த பழுப்பாய், இறுகி, வழவழப்பாக இருப்பது அடங்கிய துரு. அது இரும்புக்கு ஒரு போர்வைபோல், விட்டுவிடலாம். செம்மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்து விரலில் ஒட்டுவதே உயிருள்ள துரு. மெல்லிய இயந்திர எண்ணெயை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மூங்கில் சீவலாலும் பருத்தித் துணியாலும் அதை மட்டும் எடுத்தால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம்; நாளடைவில் கெட்டு அமிலமாகிப் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். குத்துவிளக்கைத் துலக்கும் புளி இங்கு நஞ்சு. உலோகத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையின் உப்பு விரல்ரேகையாகவே துருவேறும். கட்டையின் மீதுள்ள கறுத்த மெருகைச் சுரண்டி வார்னீஷ் பூசுவது, ஓலைச்சுவடிக்குச் சுண்ணாம்படிப்பதற்கு ஒப்பாகும்.

நம் பகுதியில் காற்றும் பகைதான். மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். சுண்ணாம்புச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதும், தோலுறைக்குள் மூடிவைப்பதும் ஈரத்தை அணைத்து வைப்பதாகவே முடியும். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்ப்பது நலம். கைமீறிய சேதமென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தாரிடம் யோசனை கேட்கலாம். அங்கே 1930களிலேயே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் பழைய செப்புத் திருமேனிகளின் களிம்பைப் போக்கி வழிகாட்டினார்; தஞ்சை ஆயுதச்சாலையின் படைக்கலங்களும் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

நபிகளார் (ஸல்) மறைந்தபோது விட்டுச்சென்றவை ஒரு வெண்ணிறக் கோவேறு கழுதையும், ஆயுதங்களும், தருமமாக்கிய நிலமும் மட்டுமே என்று புகாரியில் காண்கிறோம். ஆயுதம் ஒரு மனிதர் விட்டுச்செல்லும் பொருளாக இருப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் நாட்டின் சட்டமும் நம்மைக் கட்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட இயலாத பழங்கால ஆயுதத்துக்கே விலக்களிக்கிறது. சுடக்கூடியது எனில், வாரிசாக வந்ததாயினும் உரிமம் வேண்டும். எது எந்த வகை என்பதை வீட்டில் முடிவு செய்யாமல், விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கருதும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவைக்க நினைப்போர் இதை அறிந்திருக்க வேண்டும். மனு எழுதும்போது எழுத்துகள், முத்திரைகள், காயங்கள் எல்லாவற்றையும் எண்ணெய் தொடுவதற்கு முன்னரே படமெடுத்து இணைத்து, அது எந்தப் பாட்டனாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.