பார்லி முளைத்த இடத்தில் ஓபரா! எரிந்தும் மீண்டு வந்த ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஆல்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்னேப் கிராமம். இங்குள்ள பழைய செங்கல் கட்டடத்தில் ஒரு காலத்தில் பார்லி காய்ந்தது. இப்போது அது 800-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து கச்சேரி கேட்கும் அரங்கம். எப்படி மாறியது?

முதலில் அது என்ன கட்டடம்?

நியூசன் காரெட் என்ற வணிகர் 19-ம் நூற்றாண்டில் கட்டியது. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காய வைப்போமே, அதே வேலைதான். பார்லியை ஊற வைத்து, தரையில் பரப்பி முளைக்க விட்டு, சூட்டில் உலர்த்துவார்கள். இதுதான் பீர் தயாரிக்கப் பயன்படும் 'மால்ட்'. 1965-ல் இந்த வேலை நின்றுபோனது.

அரங்கமாக்கும் யோசனை யாருடையது?

இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் பக்கத்து ஊரான ஆல்ட்பரோவில் 1948 முதல் இசை விழா நடத்தி வந்தார்கள். அங்கிருந்த ஜூபிலி ஹால் சின்னது. பெரிய நிகழ்ச்சிகளுக்குப் போதவில்லை. காலியாகக் கிடந்த ஸ்னேப் கட்டடம் கண்ணில் பட்டது.

என்னென்ன மாற்றினார்கள்?

அரூப் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் டெரெக் சக்டன் பொறுப்பேற்றார். உள்சுவர்களை எடுத்து ஒரே பெரிய கூடமாக்கினார்கள். மேலே புதிய மரக் கூரை. ஆனால் செங்கல் சுவர்களை மூடி மறைக்கவில்லை. கெட்டியான சுவரில் பட்டு ஒலி திரும்பும். உயரமான கூரைக்கடியில் கொஞ்ச நேரம் நின்று ஒலிக்கும். கச்சேரிக்கு அதுதானே வேண்டும்! 1967 ஜூன் 2-ல் ராணி இரண்டாம் எலிசபெத் திறந்து வைத்தார்.

இரண்டே வருடத்தில் என்ன ஆனது?

1969 ஜூன் 7. விழாவின் முதல் நாள் இரவு. அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. மரக் கூரை போனது. மிஞ்சியது சுவர்கள் மட்டும். ஆனாலும் விழாவை நிறுத்தவில்லை. மோசார்ட்டின் 'இடோமெனியோ' ஓபராவை பிளைத்பரோ தேவாலயத்துக்கு மாற்றி நடத்தினார்கள்.

மீண்டும் எப்படி எழுந்தது?

வேறு டிசைன் தேடவில்லை. நின்ற சுவர்கள் மேலேயே, சில திருத்தங்களோடு பழைய மாதிரியே கட்டினார்கள். அடுத்த விழாவுக்குள், 1970 ஜூனில் அரங்கம் தயார். திறந்து வைத்ததும் அதே ராணிதான்!

பழைய கட்டடம் என்றாலே இடிக்கத்தான் வேண்டுமா? பார்லிக்காகக் கட்டிய சுவர்கள் தீயையும் தாங்கி, இன்றும் இசையைத் தாங்கி நிற்கின்றன.