எஃப்.எஸ்.எச். ஏற்பி

பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரத்தத்தில் வரும் பாலிக்கிள் தூண்டும் ஹார்மோனை, அதாவது எஃப்.எஸ்.எச்.-ஐ, செல்லின் மேற்பரப்பில் இனங்கண்டு உள்ளே செய்தி சொல்லும் புரதம் எஃப்.எஸ்.எச். ஏற்பி. பெண்ணின் சூலகத்தில் கிரானுலோசா செல்களிலும், ஆணின் விந்தகத்தில் செர்டோலி செல்களிலும் இது இருக்கிறது. ஜி புரதத்தோடு இணைந்து இயங்கும் ஏற்பிகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. லூட்டினைசிங் ஹார்மோனின் (எல்.எச்.) ஏற்பியும் தைராய்டு தூண்டும் ஹார்மோனின் ஏற்பியும் இதன் நெருங்கிய உறவுகள்.

மனிதரில் இதற்கான மரபணு 2ஆம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ளது. 695 அமினோ அமிலங்களாக உருவாகும் புரதம், முன்முனையிலுள்ள 17 அமிலங்களை இழந்து 678 ஆக நிலைபெறுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேலான பங்கு செல்லுக்கு வெளியே நிற்கிறது. அட்ரினலின் ஏற்பி போன்ற குடும்பத்தாருக்கு இவ்வளவு பெரிய வெளிப்பகுதி கிடையாது. மரபணுவிலும் இந்தப் பிரிவு தெரிகிறது: 10 எக்ஸான்களில் முதல் ஒன்பதும் வெளிப்பகுதியின் பெரும்பங்கைத் தர, எஞ்சிய அனைத்தும் பத்தாவதிலிருந்தே வருகின்றன.

வெளிப்பகுதி, லியூசின் மிகுந்த துண்டுகள் அடுத்தடுத்து மடிந்து உருவான வளைந்த குழாய். 2005இல் ஃபானும் ஹென்ட்ரிக்சனும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம், ஹார்மோன் பற்றிய நிலையில் இப்பகுதியின் பெரும்பங்கை 2.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டனர். வளைவின் உட்புறத்தில் ஹார்மோன் குறுக்காக அமர்ந்திருக்கிறது. இரு கைகள் ஒன்றையொன்று கோத்துப் பிடித்ததுபோன்ற தோற்றம். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி., தைராய்டு தூண்டும் ஹார்மோன் நான்குக்கும் ஆல்ஃபா துணை அலகு ஒன்றே. ஆகவே ஆளை அடையாளம் காட்டுவது பீட்டா அலகுதான்.

குழாய்க்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள கீல் பகுதி வெறும் இணைப்புத் துண்டாகவே நெடுநாள் கருதப்பட்டது. 2012இல் அதையும் சேர்த்து வெளியான படிக அமைப்பு அந்த எண்ணத்தை மாற்றியது. அங்குள்ள 335ஆவது டைரோசினில் சல்பேட் ஏறியிருக்கிறது. ஹார்மோன் குழாயில் அமர்ந்த பின் அதன் மேற்பரப்பில் உருவாகும் குழிக்குள் இந்த டைரோசின் நுழைகிறது. பிடிப்பு இரண்டு கட்டங்களில் நடக்கிறது என்பதே இதன் பொருள்.

செல் சவ்வை ஏழு முறை ஊடுருவும் சுருள்கள் செய்தியைக் கடத்தும் பகுதி. முழு ஏற்பியின் படம் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக 2023இல்தான் கிடைத்தது. ஓய்வில் வெளிப்பகுதி சவ்வை நோக்கிச் சாய்ந்திருக்கிறது; ஹார்மோன் வந்ததும் நிமிர்கிறது. அந்த அசைவு கீல் வழியாகச் சுருள்களை எட்ட, உட்புறத்தில் ஜி புரதம் இணைகிறது. சுழற்சி ஏ.எம்.பி. பெருகுகிறது, கிரானுலோசா செல்லில் அரோமடேஸ் நொதி கூடி ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது.

இரு பகுதிகளின் வேலைப் பிரிவினையை மரபணு மாற்றங்கள் நன்றாகக் காட்டுகின்றன. 189ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின் வரும் மாற்றம் 1995இல் பின்லாந்துப் பெண்களிடம் கண்டறியப்பட்டது. வெளிப்பகுதியில் நேரும் இந்த ஒரே மாற்றத்தால் ஏற்பி செல்லின் மேற்பரப்பை அடைவதே அரிதாகி, சூலகம் செயலிழக்கிறது. இதே மாற்றம் கொண்ட ஆண்களில் விந்தணு உற்பத்தி வெவ்வேறு அளவில் குன்றினாலும் முற்றாக நிற்பதில்லை.

2003இல் அறியப்பட்டவை இன்னும் வியப்பானவை. சில பெண்களுக்குக் கருத்தரிக்கும்போது, சிகிச்சை எதுவும் இல்லாமலே சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வீங்கியது. கர்ப்பத்தில் பெருகும் எச்.சி.ஜி.க்கு அவர்களது எஃப்.எஸ்.எச். ஏற்பி செவிசாய்த்ததே காரணம். கோளாறு ஹார்மோனைப் பற்றும் வெளிப்பகுதியில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 449, 567 ஆகிய இடங்களில் நேர்ந்த அம்மாற்றங்கள் சவ்வுச் சுருள்களில் இருந்தன. ஏற்பியை ஓய்வில் வைத்திருக்கும் கட்டு தளர்ந்ததால், எச்.சி.ஜி.யின் பலவீனமான பிடிப்பே அதை இயக்கப் போதுமானதாகிவிட்டது.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையில் எஃப்.எஸ்.எச். ஊசியாகவே செலுத்தப்படுகிறது, புரதமாதலால் விழுங்கினால் செரித்துவிடும். வெளிப்பகுதியைத் தொடாமல் சுருள்களுக்கு நடுவே நேரடியாக அமரும் சிறு மூலக்கூறுகளை மாத்திரையாக்கும் முயற்சி இதனால்தான் தொடர்கிறது.