ஸ்டெப்னி: ஐந்தாவது சக்கரத்தின் கதை

உங்கள் வீட்டில் யாராவது புது கார் வாங்கப் போகிறார்களா? அப்படியென்றால் கடைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். டிக்கியைத் திறந்து, தரையில் விரித்திருக்கும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் வைப்பதற்கான வட்டமான பள்ளம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அதில் சக்கரம் இருக்காது. ஒரு சின்ன காற்றடிக்கும் பம்பும், பசை மாதிரி ஏதோ நிறைந்த ஒரு பாட்டிலும்தான் இருக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில். பள்ளியில் இதற்கு 'ஸ்பேர் வீல்' என்றுதான் கற்றுக்கொண்டேன். ஆனால் மதுரையில் வளர்ந்த அப்பா எப்போதும் 'ஸ்டெப்னி' என்றுதான் சொல்வார். அது ஏதோ தமிழ்ச்சொல் என்றே வெகுநாள் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்; தமிழ்நாட்டில் அவ்வளவு சகஜமான சொல் அது. லாரி டிரைவர், பஞ்சர் கடைக்காரர், டாக்சி ஓட்டுபவர் எல்லோருக்கும் அது ஸ்டெப்னிதான். ஆட்டத்தில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருப்பவனைக்கூட 'ஸ்டெப்னி' என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் இங்கே ஓர் ஆங்கிலேயரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். லண்டனில் இருக்கும் ஓர் இடத்தின் பெயர் என்பார். அதற்கு மேல் தெரியாது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் வேல்ஸ் நாட்டின் ஒரு தெருவில் போய் நிற்போம்.

ஒரு தெருவின் பெயர்

முதலில், அந்தக் காலத்துக் காரை மனதில் கொண்டுவாருங்கள். காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அப்போது அதை வாங்க ஆளில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடியும் அதைச் செய்தார். இந்த முறை உலகம் பிடித்துக்கொண்டது. 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காருக்கும் காற்று டயர் ஒத்துவரும் என்று காட்டிவிட்டார்கள்.

அன்றைய சாலைகளில் குதிரை வண்டிகள்தான் அதிகம். குதிரை லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் எங்கும் கிடக்கும். டயரும் மெல்லியது. ஆகவே பஞ்சர் என்பது எப்போதோ நடக்கும் விபத்து இல்லை. பயணத்தின் ஒரு பகுதி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்று பெரும்பாலான கார்களின் சக்கரத்தை இன்று போல நான்கைந்து நட்டுகளைக் கழற்றி எடுக்க முடியாது. மரக்கட்டையால் ஆன ஆரங்களோடு அது காரிலேயே நிலையாக இருக்கும். பஞ்சர் ஆனால், காரை ஜாக்கியால் தூக்கி, டயரை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைத் தேடி ஒட்டுப் போட்டு, மறுபடி உள்ளே திணித்து, கையால் பம்ப் அடிக்க வேண்டும். மழையிலும் இருட்டிலும் சாலையோரம் உட்கார்ந்து இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

தென் வேல்ஸில் லனெல்லி என்று ஓர் ஊர். அந்தப் பெயரில் வரும் இரட்டை 'ல'வை வெல்ஷ் மக்கள் நாக்கின் பக்கவாட்டில் காற்றை ஊதிச் சொல்வார்கள். நம்முடைய 'ழ' மாதிரி, வெளியாருக்கு எளிதில் வராத ஒலி. தகரத் தகடு செய்வதில் பேர்போன தொழில் நகரம் அது. அங்கே இரும்புச் சாமான் வியாபாரம் செய்த டாம் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற இரண்டு சகோதரர்கள் 1904-ல் ஒரு வழி கண்டார்கள்.

அவர்கள் செய்தது மிக எளிய பொருள். ஆரங்கள் இல்லாத ஒரு வெறும் வளையம்; அதன்மேல் முன்கூட்டியே காற்றடைத்த டயர். பஞ்சர் ஆனதும் பழைய சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். இந்த வளையத்தை அதன் பக்கத்தில் வைத்துக் கொக்கிகளால் இறுக்கினால் போதும். சில நிமிடங்களில் வண்டி கிளம்பிவிடும். ஒட்டுப் போடும் வேலையை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. அந்தப் பகுதியின் பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் பெயர் அது. அதையே சக்கரத்துக்கும் வைத்தார்கள். 1906-ல் கம்பெனி பதிவானது. லண்டன் டாக்சிகளில் ஏறிய அந்தச் சக்கரம் ஐரோப்பாவுக்கும் பிரிட்டிஷ் ஆட்சி இருந்த நாடுகளுக்கும் கப்பல் ஏறியது. அப்படித்தான் இந்தியாவுக்கும் வந்தது.

பிறகு தொழில்நுட்பம் மாறியது. 1906-ல் பிரான்சில் நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில், கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் ரிம் போட்ட ரெனால்ட் கார் வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் சக்கரத்தையே முழுதாகக் கழற்றும் முறை பரவியது. ஸ்டெப்னி வளையத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பொருள் போனது, பெயர் தங்கிவிட்டது. அதுவும் பிறந்த ஊரில் இல்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்டாவிலும் இன்னும் ஸ்டெப்னிதான். பிரேசிலில் 'எஸ்தெப்பி' என்கிறார்கள். அதுவும் இதே சொல்தான்.

டயருக்குள் இருக்கும் நம் ஆட்கள்

சக்கரத்தின் கதையை வேல்ஸோடு முடித்தால் பாதிக் கதைதான். டயருக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது?

ரப்பர் மரம் பிறந்தது பிரேசிலின் அமேசான் காட்டில். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அந்த ஆண்டே இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு. பல ஆண்டுகள் அவை வெறும் தோட்டக்கலை வேடிக்கையாக இருந்தன. கார் வந்ததும் எல்லாம் மாறியது. 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. மலாயாவின் காடுகள் அழிந்து தோட்டங்கள் ஆயின.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். விடியும் முன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களில் பட்டையைச் சீவ வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த மலேசியத் தோழி ஒருத்தியின் பாட்டி அப்படிப் பால் வெட்டியவர். காரே இல்லாத லயன் வீட்டில் வாழ்ந்து, உலகத்தின் கார்களுக்கு டயர் கொடுத்த தலைமுறை அது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா முழுவதும் ஜப்பானின் கைக்குப் போனது. ஜப்பானின் படையெடுப்பின் விளைவு இரண்டு இடங்களில் தெரிந்தது. அமெரிக்காவில், போர்க்காலத்தில் முதன்முதலில் ரேஷன் வந்த பொருள் டயர்தான். ஒரு காருக்கு ஐந்து டயர், அதற்கு மேல் இருந்தால் அரசிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. கவனியுங்கள், நான்கு இல்லை, ஐந்து. அவ்வளவு தட்டுப்பாட்டிலும் ஸ்டெப்னியை ஆடம்பரம் என்று அரசு சொல்லவில்லை. மலாயாவிலோ, ரப்பர் ஏற்றுமதி நின்றதும் தோட்டத் தமிழர்களுக்கு வேலையும் சோறும் போயிற்று. அவர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஏராளமானோர் திரும்பவே இல்லை.

டயரை நாம் ஒரு கறுப்பு வளையமாகத்தான் பார்க்கிறோம். அதற்குள் இவ்வளவு தமிழர்களின் வாழ்வு சுருண்டு கிடக்கிறது.

ஐந்தாவது சக்கரம் எப்போது காணாமல் போனது?

போருக்குப் பிறகு டயர் மேம்பட்டது. மிஷெலின் கொண்டுவந்த ரேடியல் டயரும், டியூப் இல்லாத டயரும் பஞ்சரைக் குறைத்தன. ஆணி குத்தினாலும் டியூப் இல்லாத டயரில் காற்று மெதுவாகத்தான் இறங்கும். பிறகு ஒல்லியான தற்காலிகச் சக்கரம் வந்தது. பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் 'ரன்-ஃபிளாட்' டயரும் வந்தது. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம்.

இவற்றை எல்லாம் காட்டி, கார் கம்பெனிகள் சக்கரத்தையே எடுத்துவிட்டன. சக்கரமும் ஜாக்கியும் சேர்ந்து 20 கிலோ வரை எடை. அதை எடுத்தால் எரிபொருள் கணக்கும் புகைக் கணக்கும் கொஞ்சம் அழகாகத் தெரியும். மின்சாரக் காரில் பேட்டரிக்கு இடம் வேண்டும். செலவும் மிச்சம். அமெரிக்காவில் 2015 மாடல் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டெப்னி இல்லாமலே வந்தன. பிரிட்டனில் ஆர்.ஏ.சி. 2024-ல் கணக்கெடுத்தபோது, நூற்றில் மூன்று மாடல்களில்தான் அது காரோடு சேர்ந்து வந்தது. இந்தியாவும் 2020-ல் விதியைத் தளர்த்தியது: டியூப் இல்லாத டயர், காற்றழுத்தக் கருவி, பழுது பார்க்கும் பெட்டி மூன்றும் இருந்தால், ஒன்பது இருக்கைகள் வரை உள்ள காருக்கு ஸ்டெப்னி தேவையில்லை.

எங்கள் வீட்டில் இது போன வருடம் பெரிய விவாதமானது. அக்கா நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடித்து நாட்டுப்புறச் சாலையில் தனியாக ஓட்டி வருவாள். பழைய கார் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் டயரின் பக்கச் சுவர் கிழிந்தது. பாட்டில் பசையால் ஒன்றும் ஆகவில்லை. மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம். ஆகவே புதுக் காருக்கு விலைச்சீட்டு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ஸ்டெப்னி எங்கம்மா?"

"அது தனியாக் காசுப்பா. இப்பல்லாம் யாரும் வாங்குறதில்ல."

"யாரும் வாங்கலைன்னா ஆணி குத்தாம விட்ருமா?"

நான் அக்கா பக்கம்தான் இருந்தேன், இந்தக் கதையைப் படிக்கும் வரை. படித்த பிறகு ஒன்று புரிந்தது. டேவிஸ் சகோதரர்களின் சக்கரமும் நிரந்தரமானது இல்லை. வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான். இன்றைய ஒல்லிச் சக்கரம் அதே யோசனையின் பேரப்பிள்ளை. பாட்டில் பசையோ, 1904-க்கு முந்தைய காலத்துக்கு நம்மைத் திருப்பி அனுப்புகிறது: சாலையோரம் நின்று ஓட்டையை அடைக்கச் சொல்கிறது. நடுப்பகுதியில் குத்திய சின்ன ஆணிக்கு அது போதும். கிழிந்த பக்கச் சுவருக்கு உதவாது. அக்கா ஒல்லிச் சக்கரம் ஒன்றை ஜாக்கியோடு சேர்த்து வாங்கினாள்.

நீங்கள் முடிவு செய்யும்போது

எல்லோருக்கும் ஸ்டெப்னி வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள், இரவில் தனியாகப் போவதில்லை, மீட்புச் சேவையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் பெட்டியே போதும். ஆனால் அதிலுள்ள பசைக்குக் காலாவதித் தேதி உண்டு, பார்த்து மாற்றுங்கள். தூரப் பயணம், மலைப்பாதை, போனில் சிக்னல் இல்லாத ஊர் என்றால் சக்கரத்துக்குக் காசு கொடுப்பது வீண் செலவு இல்லை. வாங்கும் முன் அந்தக் காரில் அதை வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில மின்சாரக் கார்களில் அந்தப் பள்ளமே கிடையாது. வாங்கிய பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதிலும் காற்றைப் பாருங்கள். காற்றில்லாத ஸ்டெப்னி வெறும் சுமை.

கடைசியாக ஒன்று. சக்கரம் இருந்தும் மாற்றத் தெரியாவிட்டால் பயனில்லை. தெரிந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, சமதளமான இடத்தில், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். கை பிரேக் போட்டு, காரைத் தூக்கும் முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு திருகினால் சக்கரம் சேர்ந்து சுற்றும். ஜாக்கியின் மேல் நிற்கும் காருக்கு அடியில் கையையோ காலையோ விடாதீர்கள். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக இறுக்குங்கள். அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொடுப்பவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் நிச்சயம் 'ஸ்டெப்னி' என்றுதான் சொல்வார். அது எந்த ஊர்த் தெருவின் பெயர் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.