ஸஹ்ராவியின் தங்கக் கம்பியும் சுவீடன் திருகாணியும்



"பல் இம்ப்ளாண்டைக் கண்டுபிடித்தவர் அல் ஸஹ்ராவி" என்று நம்மில் சிலர் பகிர்வதுண்டு. இல்லாத பெருமை அவருக்குத் தேவையில்லை. சுமார் கி.பி. 1013இல் மறைந்த அந்தக் குர்துபா வைத்தியர் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதியது வேறு. ஆடும் பல்லைப் பக்கத்து உறுதியான பற்களோடு தங்கக் கம்பியால் கட்டலாம். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் செதுக்கியதையும் அப்படியே கட்டலாம். வெள்ளிக் கம்பி சில நாட்களில் பச்சை பிடித்துவிடும், தங்கம் மாறாது என்பதையும் கவனித்திருக்கிறார். எவ்வளவு கூர்மையான கண்! ஆனாலும் அது பல்லோடு பல்லைக் கட்டும் வேலைதான். தாடை எலும்புக்குள் அவர் எதையும் நடவில்லை.

உலோகத்தோடு எலும்பு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரிந்தது. 1952இல் சுவீடனில் பிரானேமார்க் என்ற ஆய்வாளர், இரத்தவோட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965இல் கோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டேனியத் திருகாணிகளைப் பொருத்தினார். 2006இல் இறக்கும்வரை லார்சனுக்கு அவை உழைத்தன.

இன்றும் திருகாணி எலும்போடு சேர வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் பொறுக்க வேண்டும். சீனி வருத்தமோ சிகரெட் பழக்கமோ இருந்தால் அது சரியாக ஒட்டாமல் போகலாம். வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.