மதுரை மஹாலும் லண்டன்காரரும்

எனக்குச் சொந்த ஊர் சிவகிரி, நாயக்கர் காலத்துப் பாளையங்கள்ல ஒண்ணு. சின்ன வயசுல மதுரைக்குப் போய் திருமலை நாயக்கர் மஹால் தூணை அண்ணாந்து பார்த்துட்டு, "இது எப்படி இன்னும் விழாம நிக்குது?"ன்னு கேட்டேன். "அந்தக் காலத்து வேலைடா"ன்னாங்க. அது பாதி உண்மைதான்.

1636-ல் கட்டிய அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர், திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதரேதான். மிச்சம் இருந்ததும் சிதைந்துகொண்டே வந்தது. 1866-ல் சென்னை ஆளுநராக வந்த நேப்பியர் அதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். அந்த வேலையைச் செய்தவர் ராபர்ட் சிஷோம். லண்டனில் பிறந்து, கல்கத்தா வழியாக 1865-ல் சென்னைக்கு வந்த கட்டடக் கலைஞர்.

மெரினா பக்கம் போனா கவனிங்க. சிஷோம் முதல்ல கட்டின மாநிலக் கல்லூரியில இத்தாலியச் சாயல்தான் அதிகம். 1879-ல் முடித்த செனட் ஹவுஸ்ல நம்ம நாட்டு வளைவும் குவிமாடமும் வந்துடுச்சு. அந்த மாற்றத்துல மதுரைக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். பழுதுபார்க்க வந்தவர், பாடம் படிச்சுட்டுப் போயிருக்கார்.

இடிச்சவர் வீட்டுப் பிள்ளை, நிறுத்தினவர் வெளியூர்க்காரர். நம்ம ஊர்ப் பழைய கட்டடங்களுக்கும் ஒருத்தர் கடல் தாண்டி வரட்டும்னு காத்திருக்கணுமா?