அளுவிகாரை ஏடுகளும் ஈரப் பூச்சிகளும்

இலங்கையின் மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் என்ற மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகள் மனனமாகக் காத்துவந்த பாளித் திரிபிடகம் இங்கேதான் ஓலையில் ஏறியது என்பது பௌத்த மரபு. பஞ்சத்திலும் போரிலும் ஓதத் தெரிந்தவர்கள் அழிந்துபோனால் நூலும் அவர்களோடு போய்விடும் என்ற பயமே அதற்குக் காரணம்.

ஓலையில் ஏறியதும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பூச்சி.

மழைக்காலத்தில் பழைய ஏட்டுக்கட்டை அவிழ்த்தால், ஓரத்தில் தூசி நகர்வதுபோல் வெளிறிய சிறு பூச்சிகள் ஓடும். இவை புத்தகப் பேன்கள். நீளம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். ஈரத்தில் பூக்கும் பூஞ்சணமே இவற்றின் முக்கிய உணவு. உடலுக்கு வேண்டிய நீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். காற்று உலர்ந்தால் தாமும் வற்றிச் செத்துப்போகும். வெள்ளிச் செதில் மினுங்க இரவில் உலாவும் இராமபாணம் மாவுப் பசையைத் தேடிச் சுரண்டும். ஏடுகளை ஊசியால் குத்தியதுபோல் துளைப்பவை சிறு வண்டுகளின் புழுக்கள்.

எழுதியவர்கள் இவற்றுக்கு ஓலையிலேயே மருந்து வைத்தார்கள். தாளிப்பனையின் குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, கமுக மரத் தண்டில் முன்னும் பின்னும் இழுத்து வழவழப்பாக்குவார்கள். எழுத்தாணியால் கீறிய பின், கரியைக் குங்கிலியப் பிசினிலிருந்து வடித்த எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்கள். எழுத்து கறுத்துத் தெரியும், ஓலை முறியாது, கடுமையான வாசத்துக்குப் பூச்சியும் ஒதுங்கும். மிஞ்சிய கரியை மாவு தூவித் துடைத்தெடுப்பார்கள். அந்த மாவும் ஒட்டாமல் போகவேண்டும். இல்லாவிட்டால் இராமபாணத்துக்கு அதுவே சாப்பாடு. தமிழர் ஏடுகளுக்கு மஞ்சளும் வசம்பும் வேப்பெண்ணெயும் காவல். இத்தனை செய்தும் நைந்துபோன ஏட்டை, அழியுமுன் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். எண்ணெயைவிட அந்தக் கைகளே பெரிய காப்பு.

1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படை அளுவிகாரை நூலகத்தை அழித்தது. தலைமுறை தலைமுறையாகப் பூச்சியிடமிருந்து காத்த ஏடுகள் அப்படிப் போயின. இன்று அங்கே செல்பவர்களுக்கு, ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் கரி தேய்த்துக் காட்டுகிறார்கள்.

வீட்டில் தாத்தாவின் வைத்திய ஏடோ சாதக ஓலையோ இருந்தால் ஈரச் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்; மழை மாதங்களில் அடிக்கடி அவிழ்த்துப் பாருங்கள்; கடும் வெயிலில் மட்டும் போடவேண்டாம். நைந்திருந்தால் இன்றே படம்பிடித்து வையுங்கள்.