அடுக்கும் அடியும்



சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கேரம் பலகையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பால்மரக் காலத்தில், சாயங்காலம் விளக்கடியில் பலகையைப் போட்டுப் பவுடரைத் தூவினால் போதும், சுற்றிலும் பத்துத் தலைகள் கூடிவிடும். "டேய், காயை நெருக்கி அடுக்குடா!" என்ற குரல்தான் முதலில் கேட்கும். அடுக்குறதுல அப்படி என்ன இருக்கு என்கிறீர்களா? இருக்கிறது; அதற்கு வரலாறும் இருக்கிறது.

அடுக்கி வைத்ததை முதல் அடியில் கலைக்கும் ஆட்டங்கள் உலகில் பல. துரைமார் கிளப்புகளில் ஆடிய ஸ்னூக்கரும் அதில் ஒன்று. 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி, 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடிய பழைய ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். அதன் விதிகள் 1882இல் நம் தமிழ் மண்ணில், உதகமண்டலத்து ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டன. ஆனால் அந்நாளைய வெள்ளையர் கிளப்புகளில் நம்மவர் நுழைந்தது பெரும்பாலும் பணியாளராகத்தான். தட்டு ஏந்திய கைகள் பல; கோல் பிடித்த கைகள் அரிது.

நமக்குக் கிடைத்தது கேரம். நாலு பேர் உட்காரத் திண்ணை இருந்தால் போதும். நடுவில் சிவப்பு ராணி, அதைச் சுற்றி ஆறு காய்கள், வெளிவட்டத்தில் பன்னிரண்டு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, மொத்தம் 19. ஏன் நெருக்கி அடுக்க வேண்டும்? ஸ்டேஷனில் ஒட்டி நிற்கும் சரக்குப் பெட்டிகளை இஞ்சின் இடித்தால், கடைசிப் பெட்டி வரை 'கடகட'வென்று அதிர்வு போகும் அல்லவா? அதுபோல, காய்கள் தொட்டு நின்றால் அடி காய்க்குக் காய் இறங்கி, ஓரத்துக் காய் ஓடும். நூலளவு இடைவெளி விழுந்தாலும் மோதும் கோணம் மாறிவிடும். காய் நினைத்த பக்கம் போகாது. அடித்தவன் கையைக் குறை சொல்லுவோம்; குறை அடுக்கில் இருக்கும்!

இந்த ஆட்டத்துக்கு உலகச் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் அமைந்தது. அதன் விதிப்படி, முதலில் அடிப்பவருக்கு வெள்ளைக் காய். காயைத் தொடாமல் ஸ்ட்ரைக்கர் தவறினால், மூன்று வாய்ப்பு வரை உண்டு.

சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக வெற்றி வீரரானார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த இளவழகி 2008இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். கிளப் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், சந்துப் பலகையிலிருந்து உலக மேடை ஏறிவிட்டார்கள் பார்த்தீர்களா?

பெற்றோர்களே! இன்று மேடையில் பரிசு வாங்கும் பிள்ளையின் கை, முதல் அடியை அடித்த கை. அந்தக் காய்களை அடுக்கியது யார்? விடியுமுன் எழுந்து சோறு கட்டிய அம்மா. மழையிலும் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட அப்பா. பாடத்தை மறுபடி மறுபடி சொன்ன ஆசிரியர். பரிசு கிடைக்காத பிள்ளையை, "உனக்குக் கை சரியில்லை" என்று வீட்டில் ஏசாதீர்கள். படிக்க ஒரு விளக்கு, ஒரு மூலை, ஒரு மணி நேர அமைதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடைவெளி எங்கே என்று தேடி, நெருக்கி அடுக்குங்கள்.

மாணவர்களே, முதல் அடி தவறினால் கலங்க வேண்டாம். கேரமிலேயே மூன்று வாய்ப்பு உண்டு. வாழ்க்கையில் இல்லாமலா போகும்?